மருந்துச் சீட்டில் எழுதப்படும் உணவு

மார்பக வலியோடு மருத்துவரை நாடும் பெண்ணின் மருந்துச் சீட்டில் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் கேப்சூல் இடம்பெறுவது இந்திய நகரங்களில் வழக்கமாகிவிட்டது. நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு, மூன்று மாதங்களுக்கு என்று எழுதப்படுகிறது. மருந்துக்கடையில் மற்ற மருந்துகளின் நடுவிலிருந்தே அது எடுத்துத் தரப்படுகிறது. வாங்குபவர் அதை மருந்து என்றே நம்புகிறார். ஆனால் சந்தையிலுள்ள பெரும்பாலான தயாரிப்புகள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் துணை உணவாக விற்கப்படுபவை. மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற வாசகம் அட்டையின் மேலேயே சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அட்டை ஒன்றைச் சொல்கிறது. சீட்டு வேறொன்றைச் சொல்கிறது. இந்த முரண்பாட்டை மருத்துவக் கல்விப்புலம் இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த எண்ணெய் நஞ்சன்று. பெரும்பாலோருக்குப் பெரிய தீங்கும் விளைவிப்பதில்லை. கேள்வி வேறு. மார்பக வலிக்கு இது மருந்துப்போலியைவிட மேலானதன்று என்பது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகிவிட்டது. அத்தெளிவை எட்டியதில் ஓர் இந்திய நிறுவனத்துக்கும் முதன்மையான பங்கு உண்டு. அவ்வாறிருந்தும் இந்தியச் சீட்டுகளில் இது ஏன் தொடர்கிறது? நோயாளியைச் சோதித்து, வலியின் இயல்பை விளக்கி, அச்சத்தைப் போக்கச் செலவிட வேண்டிய நேரத்துக்கு மாற்றாக ஒரு கேப்சூல் கைக்கு வந்துவிட்டது என்பதே விடை. அந்த மாற்றீட்டின் விலையைப் பெண்கள் செலுத்துகிறார்கள்.

முதலில் தாவரத்தைப் பற்றிச் சில செய்திகள். ஈவினிங் பிரிம்ரோஸ் வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. ஈனோதெரா பையென்னிஸ் என்பது அதன் அறிவியற்பெயர். மஞ்சள் மலர்கள் மாலையில் விரிவதால் இப்பெயர் பெற்றது. நம் வீட்டுத் தோட்டங்களில் மாலையில் மலரும் அந்திமந்தாரை வேறு குடும்பத்தைச் சேர்ந்த செடி. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. இதன் மிகச்சிறிய விதைகளைப் பிழிந்து பெறும் எண்ணெயில் ஏறத்தாழ முக்கால் பங்கு லினோலெயிக் அமிலம். சூரியகாந்தி எண்ணெயிலும் இது நிறைய உண்டு. ஈவினிங் பிரிம்ரோஸுக்குச் சிறப்பு சேர்ப்பது எஞ்சிய பகுதியிலுள்ள 8 முதல் 10 விழுக்காடு வரையிலான காமா லினோலெனிக் அமிலம். அன்றாட உணவெண்ணெய்களில் இந்த அமிலம் இல்லை.

மருத்துவக் கோட்பாடு இந்த அமிலத்தின் மீதுதான் கட்டப்பட்டது. உடல் லினோலெயிக் அமிலத்தை ஒரு நொதியின் துணையால் காமா லினோலெனிக் அமிலமாக மாற்றுகிறது. அதிலிருந்து அழற்சியைத் தணிக்கக்கூடிய புரோஸ்டாகிளாண்டின் ஈ1 என்னும் பொருள் உருவாகிறது. சிலரிடம் அந்த முதல் மாற்றம் மந்தமாக நிகழ்கிறது என்றும், காமா லினோலெனிக் அமிலத்தை நேரடியாகக் கொடுத்தால் அத்தடையைக் கடந்துவிடலாம் என்றும் வாதிடப்பட்டது. மாதவிடாயை ஒட்டி மார்பகம் வலிப்பதற்கும், தோலில் எக்ஸிமா தோன்றுவதற்கும் இக்கொழுப்பு அமிலக் குறைபாடே காரணம் என்பது கருதுகோள். பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் ஹோரோபின் இதனை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர். கருதுகோள் உயிர்வேதியியல் அளவில் அழகானது. மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்ட ஏற்றது. அந்த அழகே பிற்காலத்தில் சிக்கலாயிற்று. வேதிவினைகளின் வரிசை சரியாக இருப்பதாலேயே நோயாளி குணமடைவார் என்று கொள்ள இயலாது.

1985-இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரிலுள்ள மார்பக வலிச் சிகிச்சைப் பிரிவு தன் அனுபவத்தை லான்செட் இதழில் வெளியிட்டது. மாதவிடாய்ச் சுழற்சியை ஒட்டிய வலியுடைய பெண்களில் டேனசோல் கொடுக்கப்பட்டோரில் 70 விழுக்காட்டினரும், புரோமோகிரிப்டின் கொடுக்கப்பட்டோரில் 47 விழுக்காட்டினரும், ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் கொடுக்கப்பட்டோரில் 45 விழுக்காட்டினரும் பயன்பெற்றதாக அது கூறியது. முதலிரண்டும் கடுமையான பக்கவிளைவுகளைக் கொண்ட மருந்துகள். அவற்றோடு ஒப்பிட, சாதுவான ஒரு விதை எண்ணெய் 45 விழுக்காட்டினருக்கு உதவுமெனில் அதையே முதலில் கொடுத்துப் பார்ப்பது நியாயம் என்று மருத்துவர்கள் கருதியதில் வியப்பில்லை. ஆனால் அது ஒரு சிகிச்சைப் பிரிவின் அனுபவத் தொகுப்பு. ஒன்றும் கொடுக்காதிருந்தால் எத்தனை விழுக்காட்டினர் தேறியிருப்பர் என்ற கேள்விக்கு அந்த 45 என்னும் எண்ணில் விடையில்லை.

விடை பின்னர் வந்தது. 2002-இல் நெதர்லாந்தில் 120 பெண்களிடம் ஆறு மாதங்கள் நடத்தப்பட்ட இரட்டை மறைப்பு ஆய்வில், ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் எடுத்தவர்களுக்கு வலியுள்ள நாட்கள் 12.3 விழுக்காடு குறைந்தன. ஒப்பீட்டுக்காகச் சாதாரணத் தாவர எண்ணெய் எடுத்தவர்களுக்கு 13.8 விழுக்காடு குறைந்தன. அடுத்ததாக 2005-இல் 555 பெண்களைக் கொண்ட பன்மைய ஆய்வு வெளிவந்தது. காமா லினோலெனிக் அமிலம் பெற்றவர்களும் மருந்துப்போலி பெற்றவர்களும் ஒரே அளவில் தேறினர். இந்த ஆய்வின் ஆசிரியர்களுள் ஒருவரான ராபர்ட் மான்சல், 1985-ஆம் ஆண்டின் கார்டிஃப் கட்டுரையையும் எழுதியவர்களுள் ஒருவர். தம் குழுவே முன்பு பரிந்துரைத்த சிகிச்சையைப் பெரிய ஆய்வுக்கு உட்படுத்தி, எதிர்மறை முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார். ஆய்வுநெறி என்றால் என்னவென்று மாணவர்களுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

இந்தியத் தொடர்பு 2007-இல் வருகிறது. புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அனுராக் ஸ்ரீவாஸ்தவாவும் அவர்தம் குழுவினரும், மான்சலுடன் இணைந்து, மார்பக வலிக்கான சமவாய்ப்பு ஆய்வுகளைத் திரட்டி ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். டேனசோல், புரோமோகிரிப்டின், டமாக்சிஃபென் ஆகியவை வலியைக் குறைக்கின்றன. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் குறைப்பதில்லை என்பது அதன் முடிவு. நாட்டின் தலையாய மருத்துவ நிறுவனத்திலிருந்து எழுந்த முடிவு அது. அயல்நாட்டு ஆய்வு நம் பெண்களுக்குப் பொருந்துமா என்று தயங்குவோர்க்கும் அத்தொகுப்பாய்வு கையருகில்தான் இருந்தது. இருந்தும் சீட்டு மாறவில்லை.

மற்ற நோய்களிலும் கதை இதுவே. மாதவிடாய் நிற்கும் காலத்தில் தோன்றும் உடல்வெப்ப அலைகளுக்கு இது உதவுமா என்று 56 பெண்களிடம் ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வு, மருந்துப்போலியை விஞ்சிய பயன் இல்லை என்று 1994-இல் அறிவித்தது. எக்ஸிமாவைப் பொறுத்தவரை, காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 1,596 நோயாளிகளையும் உள்ளடக்கியது. வாய்வழியாக எடுக்கும் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெயும், காமா லினோலெனிக் அமிலம் மிகுந்த போரேஜ் விதை எண்ணெயும் மருந்துப்போலியைப் போன்றே செயற்பட்டன என்று அது முடித்தது. அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்பே, 2002-இல், எக்ஸிமாவுக்கும் மார்பக வலிக்கும் உரிய மருந்தாக இவ்வெண்ணெய்க்கு அளித்திருந்த உரிமங்களைப் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு முகமை திரும்பப் பெற்றிருந்தது. தீங்கு நேர்ந்ததால் அன்று. பயனுக்கான சான்று போதாமையால். மருந்து என்னும் தகுதி போன பின்னும் எண்ணெய் கடையைவிட்டுப் போகவில்லை. துணை உணவு என்ற பெயரில் அடுத்த அலமாரிக்கு இடம்பெயர்ந்தது.

அப்படியெனில், எடுத்துக்கொண்ட பெண்கள் பலர் வலி குறைந்தது என்று சொல்வது பொய்யா? பொய்யன்று. வலி உண்மையாகவே குறைகிறது. சுழற்சியை ஒட்டிய மார்பக வலி கூடியும் குறைந்தும் வருவது. கணிசமானோரிடம் சில மாதங்களில் தானே தணிவது. ஒருவர் மருத்துவரை நாடுவது வலி உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான். உச்சத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் இறக்கமே. அந்த இறக்கக் காலத்தில் எதை விழுங்கினாலும் பெருமை விழுங்கப்பட்டதற்கே சேரும். புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சம் வலியைப் பெரிதாக்குவதும், மருத்துவர் ஒன்றும் இல்லை என்று சொன்னதும் அதே வலி தாங்கக்கூடியதாவதும் இதோடு சேர்கின்றன. நெதர்லாந்து ஆய்வில் சாதாரண எண்ணெய் குடித்தவர்களும் ஏன் தேறினர் என்பதன் விளக்கம் இதுதான்.

பிரேசிலில் 121 பெண்களிடம் மேற்கொள்ளப்பட்டு 1999-இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். அங்கு கொடுக்கப்பட்ட சிகிச்சை மருந்தன்று. சோதித்துப் பார்த்து, நோய் ஏதுமில்லை என்று உறுதி செய்து, அதைப் பொறுமையாக விளக்குவது மட்டுமே. ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தேறினர். வலி கடுமையாக இருந்தவர்களிலும் பாதிப்பேர் தேறினர். இதுவும் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுதான்; கார்டிஃப் எண்ணை எவ்வாறு ஐயத்தோடு வாசிக்க வேண்டுமோ அவ்வாறே இதையும் வாசிக்க வேண்டும். ஆயினும் ஒன்று உறுதி. எண்ணெயின் கணக்கில் எழுதப்பட்ட பெருமையின் பெரும்பகுதி, எண்ணெய் இல்லாமலே கிடைக்கக்கூடியது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தலும் கூடாது, அலட்சியமும் கூடாது. வயிற்றுப் பொருமல், குமட்டல், இளகிய மலம், தலைவலி ஆகியவை பொதுவாகக் காணப்படும் விளைவுகள்; பெரும்பாலும் இலேசானவை. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவு எதிர்ப்பு மருந்து எடுப்போர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இரத்தக் கசிவின் வாய்ப்பு கூடக்கூடும் என்பதே காரணம். அறுவைச் சிகிச்சைக்கு முன் நிறுத்திவிடும்படி அறிவுறுத்தப்படுவதும் இதனாலேயே. 1980-களின் தொடக்கத்தில், மனச்சிதைவு நோய்க்கு ஃபீனோதையசின் வகை மருந்துகளை உண்டுவந்த சிலருக்கு இவ்வெண்ணெயோடு வலிப்பு ஏற்பட்டதாகக் குறிப்புகள் வந்தன. அந்த மருந்துகளே வலிப்பைத் தூண்டக்கூடியவை. ஆகவே எண்ணெயின் மீது சுமத்திய பழி ஏற்கத்தக்கதன்று என்று 2007-இல் வெளியான மறுஆய்வு வாதிட்டது. விவாதம் அவ்வாறிருக்க, வலிப்பு நோய் உடையவர்கள் தம் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடங்காதிருப்பதே அறிவுடைமை.

பேறுகாலப் பயன்பாடு தனிக் கவனத்துக்குரியது. கருப்பை வாயை இளக்கிச் சுகப்பிரசவத்துக்கு உதவும் என்று கூறி, இறுதி வாரங்களில் இந்த கேப்சூலை எடுக்கும் வழக்கம் இணையத்தின் வழியாக இந்தியக் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 108 பெண்களின் பேறுகாலப் பதிவேடுகளை ஒப்பிட்டு அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஆய்வில், இதை உண்டவர்களின் கருக்காலமோ பிரசவ நேரமோ குறையவில்லை. மாறாக, பனிக்குடம் உடைந்து நெடுநேரம் நீடித்தல், ஆக்ஸிடோசின் தேவைப்படுதல், வெற்றிடக் கருவியால் குழந்தையை எடுத்தல் ஆகியவை சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. சிறிய ஆய்வு; இறுதித் தீர்ப்பாகக் கொள்ளத்தக்கதன்று. ஆனால் பயன் நிறுவப்படாத இடத்தில் சிறிய ஐயமும் போதுமான தடையே. இயற்கையானது ஆதலால் கேடில்லை என்ற வாதம் எருக்கம்பாலுக்கும் அரளி விதைக்கும் பொருந்தாததைப் போலவே இங்கும் பொருந்தாது.

சட்டத்தின் நிலை என்ன? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்கீழ் 2016-இல் வகுக்கப்பட்ட துணை உணவு ஒழுங்குமுறைகள், இத்தகைய பொருள்கள் நோயைத் தடுக்கும் என்றோ குணப்படுத்தும் என்றோ உரிமை கோருவதைத் தடை செய்கின்றன. மருந்தாக உரிமம் பெற வேண்டுமெனில் பயனை நிறுவ வேண்டும். உணவாக உரிமம் பெற அந்தச் சுமை இல்லை. மருந்துக்குரிய விலைக் கட்டுப்பாடும் உணவுக்கு இல்லை. அட்டையில் சொல்லத் தடை செய்யப்பட்டதை மருத்துவரின் பேனா சொல்லிவிடுவதுதான் இங்கே நிகழ்வது. உற்பத்தியாளர் சட்டத்தை மீறவில்லை; மருத்துவரும் மீறவில்லை. ஆனால் உணவுக்கு மருந்தின் மதிப்பு கிடைத்துவிடுகிறது. காப்பீடும் அரசு மருந்தகமும் எட்டாத இச்செலவு, மாதந்தோறும் நூற்றுக்கணக்கான ரூபாயாகப் பெண்ணின் கையிலிருந்தே போகிறது. வீட்டுவேலை செய்து ஈட்டும் ஒருவருக்கு அது பல நாட்களின் காய்கறிச் செலவு.

தீங்கற்ற ஒன்றால் மனநிறைவு கிடைக்கிறதே, அதை ஏன் பறிக்க வேண்டும் என்பது எதிர்வாதம். மனிதநேயத்திலிருந்து எழுகின்ற வாதமாதலால் இதற்கு மதிப்பளித்தே விடையிறுக்க வேண்டும். நோயாளிக்கு உண்மை தெரிந்து அவர் விரும்பி வாங்கினால் அது அவர் உரிமை. தெரியாமல் வாங்கினால் அது ஏமாற்றம். மருந்துப்போலியின் பயனைப் பெறுவதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் மேலே கண்டோம். இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சீட்டில் எழுத ஒரு பெயர் எப்போதும் இருக்கும்போது சோதனை சுருங்குகிறது. இந்தியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022-இல் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது. கட்டி ஏதுமின்றி வலி மட்டும் இருப்பது புற்றுநோயாக இருப்பது அரிது. இந்தச் செய்தி ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லப்பட வேண்டியது. ஆனால் கட்டி இருக்கிறதா, காம்பில் கசிவு உண்டா, தோலில் சுருக்கமோ குழிவோ உண்டா என்பதைக் கைகொண்டு சோதித்த பிறகே அந்த ஆறுதலைச் சொல்ல முடியும். சோதிக்காமல் எழுதிய மூன்று மாதக் கேப்சூல், ஒருசிலருக்கேனும் மூன்று மாதத் தாமதம்.

மாற்று வழிகள் அரியனவல்ல. கைகொண்டு சோதித்தல், தேவைப்படின் படமெடுத்தல், வலியின் இயல்பை விளக்குதல், இரண்டு மூன்று சுழற்சிகளுக்கு வலிக் குறிப்பேடு எழுதச் செய்தல், அளவு பொருந்திய உள்ளாடை, பொறுக்க இயலாத நாட்களில் மேற்பூச்சாகப் பயன்படும் டைக்ளோஃபெனாக் களிம்பு ஆகியவை முதற்படிகள். இவற்றுக்கும் அடங்காத வலி சிலருக்கு இருக்கும். அவர்களுக்கே டமாக்சிஃபென் போன்ற மருந்துகளைக் கண்காணிப்போடு கொடுக்க வேண்டியிருக்கும். இப்பட்டியலில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது பத்து நிமிட நேரம். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் அந்தப் பத்து நிமிடம்தான் கிடைப்பதில்லை என்று மருத்துவர்கள் சொல்வது உண்மை. எனவே இதைத் தனி மருத்துவர்களின் குற்றமாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் அந்த விளக்கத்தை அளிக்கலாம். அச்சிட்ட ஒரு பக்கத் துண்டறிக்கை தாய்மொழியில் கொடுக்கலாம்.

ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் குறிப்பான பணி இருக்கிறது. இந்த எண்ணெய் பயன் தருகிறதா என்று ஒப்பீட்டுக் குழுவின்றி நாற்பது ஐம்பது பேரிடம் இன்னோர் ஆய்வு நடத்துவதால் அறிவு ஓரங்குலமும் நகராது. ஆராயப்படாமல் கிடப்பது வேறு. ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மார்பக வலியோடு வரும் பெண்களில் எத்தனை பேருக்கு இது எழுதப்படுகிறது? அவர்களில் எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர்? எத்தனை பேரிடம் இது மருந்தன்று என்று சொல்லப்பட்டது? அவர்கள் செலவிட்டது எவ்வளவு? விளக்கமும் துண்டறிக்கையும் கொடுத்த பின் இவை எவ்வாறு மாறுகின்றன? முதுநிலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கக்கூடிய ஆய்வேடு இது. மருந்தியல் வகுப்பில் கொழுப்பு அமிலங்களின் மாற்றப் பாதையை வரையும் ஆசிரியர், அதே கரும்பலகையில் 12.3, 13.8 என்னும் இரண்டு எண்களையும் எழுதிவிட்டால், அடுத்த தலைமுறையின் பேனா சற்றே தயங்கும்.

2007-இல் புது தில்லியில் எட்டப்பட்ட முடிவு, அந்நகரத்தின் மருந்துக்கடைகளுக்கே இன்னும் போய்ச் சேரவில்லை. புதிய அறிவை உண்டாக்குவதற்குத் தரப்படும் பாராட்டு, உண்டான அறிவைச் சீட்டு வரை கொண்டுசேர்ப்பதற்கும் தரப்பட்டாலன்றி இந்த இடைவெளி குறையாது. வலியோடு வரும் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியது சோதிக்கும் ஒரு கையும் விளக்கும் ஒரு சொல்லும். அவற்றைப் பெற்ற பிறகும் அவர் எண்ணெய் வாங்க விரும்பினால், அட்டையிலுள்ள சிறிய எழுத்தை உரக்கப் படித்துக் காட்டிய பின் வாங்கட்டும்.